28 நாள் காக்கா

கல்முனை பஸாரில் அஸர் தொழுதுவிட்டு வருகிற கூட்டத்தில், கையில் ஃபைலோடு ஒரு பையனைக் கண்டால் போதும், எங்கள் 28 நாள் காக்கா தானாகவே வந்து தோளில் கை போடுவார். "எந்த இன்டேக் மகன்? செப்டம்பரா, ஜனவரியா?" பேர் கேட்கமாட்டார். யாருடைய மகன் என்றும் கேட்கமாட்டார். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டையும் கேட்காமல் பேச்சுத் தொடங்குவது மரியாதை இல்லை. அவருக்கு மட்டும் ஊர் விலக்குக் கொடுத்திருக்கிறது.

அவர் ஏஜென்ட் இல்லை. ஏஜென்டுக்குக் கண்ணாடிக் கதவும், லண்டன் மணிக்கூண்டு போட்ட போர்டும் இருக்கும். இவருக்கு இருப்பது சாயாக் கடையின் மூலை மேசை. கூலி ஒரு பிளேன்டீ, மிஞ்சினால் ஒரு ரோல்ஸ். மருதமுனையில் இவர் பழைய சாரன் வியாபாரி, நிந்தவூரில் பென்ஷன் எடுத்த வாத்தியார், அக்கரைப்பற்றில் முன்னாள் வங்கிக்காரர். ஊருக்கு ஊர் ஆள் வேறு, வாய் ஒன்று. சவுதிக்கும் கட்டாருக்கும் ஊரே கிளம்பிய காலத்திலும் இவர் இருந்தார். அப்போது மெடிக்கல் பாஸாக என்ன சாப்பிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். 28 நாள் என்ற பட்டம் பிரித்தானியா கொடுத்தது. அங்கே படிக்கப் போகிறவன், கட்டாமல் மிச்சம் கிடக்கிற கோர்ஸ் காசோடு ஒன்பது மாதச் செலவுக்கான காசையும் கணக்கில் காட்டவேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண். ஒன்பதால் பெருக்கினால் 10,539. நம்மட காசில் நாற்பது இலட்சத்துக்கு மேலே. அது தொடர்ந்து 28 நாள் அசையாமல் கிடக்கவேண்டும். ஒரு நாள் ஒரு ரூபா குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

எங்கள் பக்கத்தில் காசு அசையாமல் கிடந்ததாகச் சரித்திரமே இல்லை. இருபதாம் நாள் சின்ன ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி வருவார்கள். இருபத்தைந்தாம் நாள் வட்டையில் வேளாண்மை வெட்டுத் தொடங்கும். வாப்பா மெஷின்காரனுக்குக் கொடுக்க "கொஞ்சம்தானே" என்று எடுத்துவிடுவார். ஆகவே காக்காவின் முதல் கட்டளை: "ஏ.டி.எம். கார்ட உம்மாட்டக் குடுங்க. வாப்பாட்டக் குடுக்காதீங்க." காலையில் ஸுபஹுக்கு எழும்பியதும் அவரே போன் எடுப்பார். "இண்டைக்கு எத்தின நாள்? பதினேழா? காசு சொகமா இரிக்கா?" வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால்கூட யாரும் இப்படி விசாரிப்பதில்லை.

இதில் அவரைப் பெரிதாக நோகடித்த சட்டம் ஒன்று உண்டு. காசு மாணவனுடைய கணக்கில் இருக்கலாம். உம்மா, வாப்பா கணக்கில் இருக்கலாம், பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வைத்தால் சரி. மாமாவின் கணக்கு செல்லாது. "மாமாட காசு காசில்லயா? இவனுக்கு சுன்னத்து வெச்சது ஆரு? மாமாதானே!" என்று கடை அதிரக் கேட்பார். பிரித்தானிய உள்துறை அமைச்சுக்கு இது எட்டவில்லை.

காசு விஷயம் முடிந்ததும் நேர்முகப் பயிற்சி. காக்கா நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கி வெள்ளைக்கார அதிகாரியாகிவிடுவார்.

"வை திஸ் யுனிவர்சிட்டி?"

"அங்க எங்கட மச்சான் இரிக்காரு சேர்."

"ரிஜெக்ட்! மச்சானப் பாக்கவா போற? மொடியூல் பேரச் சொல்லு!"

பையன் மொடியூல் பேர்களை ஹதீஸ் ஓதுவதுபோல் ஓதுவான். பக்கத்து மேசையில் கொத்துரொட்டி தின்ன வந்தவனுக்கும் அதெல்லாம் பாடமாகிவிட்டது. படிப்பு முடிந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு மட்டும் கடை முழுவதும் அமைதியாகும். ஊருக்குத் திரும்பி வருவேன் என்று பையன் சொல்வான். அதை எப்படிச் சிரிக்காமல் சொல்வது என்பதற்குத்தான் அரை மணித்தியாலம் போகும்.

அவருடைய பொற்காலம் 2023 கடைசி வரைக்கும். அதுவரை மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற பெண் கணவனைக் கூடவே கூட்டிப் போகலாம். கிழக்குக் கரையில் இதை யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை. எங்கள் வழக்கமே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதுதானே. பெண்ணின் வீடு மான்செஸ்டரில் இருந்தால் மாப்பிள்ளை மான்செஸ்டருக்குப் போவார், அவ்வளவுதான். ஐ.ஈ.எல்.டி.எஸ்ஸில் ஆறரை எடுத்த பிள்ளையின் உம்மா சீதன வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் பலகாரத் தட்டோடு வந்தார்கள். 2024 ஜனவரியில் தொடங்கிய கோர்ஸ்களிலிருந்து, ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவரையும் அரசுப் புலமைப்பரிசிலில் வருபவரையும் தவிர மற்றவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்றாகிவிட்டது. பேசி முடித்த சம்பந்தங்கள் ஆடின. "என்ன காக்கா, சட்டம் இப்பிடித் திடீரெண்டு மாறுமா?" என்று கேட்டதற்கு அவர் அமைதியாகச் சொன்னார்: "2020ல சாய்ந்தமருதுக்கு நகரசபை எண்டு வர்த்தமானி வந்திச்சே. எத்தின நாள் இரிந்திச்சி?"

ஆஸ்திரேலியா பற்றிக் கேட்டால் முகம் கறுத்துவிடும். 710 டொலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600, அடுத்த ஜூலையில் 2,000. மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். "அது விசா இல்ல, கந்தூரி. குடுத்தாக் குடுத்ததுதான்."

விசா கிடைத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஏற்றிவிட்டாலும் அவர் வேலை முடியாது. விசாவை எடுப்பது சின்ன வேலை, வைத்திருப்பதுதான் பெரிய வேலை என்பது அவர் கொள்கை. நிமிடக் கணக்கில் வாய்ஸ் மெசேஜ் போகும். "லெக்சருக்குப் போங்க மகன், போகாட்டி யுனிவர்சிட்டியே அறிவிச்சிரும். வீடு மாறினா சொல்லுங்க. டேர்ம் நேரம் வேல கிழமைக்கு இருபது மணித்தியாலம்தான். போன கிழம பத்து, இந்தக் கிழம முப்பது எண்டு சராசரி பாக்க ஏலா. கிழம திங்கள்ல தொடங்கி ஞாயிறுல முடியிது." லெஸ்டரில் சிக்கன் கடையில் நிற்கிற பையன் அதை இரட்டை வேகத்தில் கேட்பான். ஆனால் கேட்பான். ஏஜென்ட் கமிஷன் எடுத்த அன்றே நம்பரை மாற்றிவிட்டான். பிழை நடந்தால் போன் எடுக்க இவர் ஒருவர்தான் மிச்சம்.

காக்காவின் சொந்தக் கடவுச்சீட்டு உம்ராவுக்கென்று எடுத்தது, காலாவதியாகி அலுமாரியில் கிடக்கிறது. இதை யாரும் அவரிடம் பேசுவதில்லை. பேசுவது நன்றியும் இல்லை.

கல்முனைப் பக்கம் வந்தால் நீங்களும் அவரிடம் எதையும் கேளுங்கள், தாராளமாகச் சொல்வார். காசுக் கணக்கை மட்டும் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் மனக்கணக்கில் பவுண் இன்னும் 270 ரூபாதான்.