வள்ளத்துக்குக் குளிருமாம்

இன்று விடிய ஐந்தரைக்கு, மறை 13 பாகையில், கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்பதே சந்தேகம். எனக்குப் பின்னால், பூட்டிய கராஜுக்குள், காற்றுப் படாமல் வள்ளம் கிடந்தது. அதற்கு வேலைக்குப் போகும் கட்டாயம் இல்லை.

கராஜுக்குள் கார் நிற்கிற தமிழ் வீடு ஸ்காபரோவில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் கராஜில் என்ன இருக்கும்? பிறந்தநாள் பிரியாணி அண்டா, மடிக்கிற கதிரைகள், பிள்ளைகள் வளர்ந்து விட்ட சைக்கிள்கள். ஆனால் அண்டாவுக்கு யாரும் எண்ணெய் பூசித் தூங்க வைப்பதில்லை. குளிருக்கு அண்டா வெடிக்காது.

வள்ளம் 16 அடி அலுமினியம், 40 குதிரை வலு வெளி இஞ்சின். பாதி என்னுடையது, பாதி மச்சானுடையது. எந்தப் பாதி யாருடையது என்று வாங்கும்போது பேசிக்கொள்ளவில்லை. தண்ணீரில் ஓடும் பாதி அவனுடையது, கராஜில் கிடக்கும் பாதி என்னுடையது என்று பிறகு விளங்கியது. “வித்துப்போட்டா என்ன?” என்று ஒவ்வொரு ஒக்டோபரும் மனிசி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

ஊரில் வாடை தொடங்கினால் வள்ளத்தைக் கரையில் ஏற்றி, கிடுகு போட்டு மூடுவார்கள். பிறகு தேத்தண்ணி குடிப்பார்கள். இங்கே அது ஒரு பருவகால நோய். ஒக்டோபர் தேங்க்ஸ்கிவ்விங்கோடு ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் 386 கிலோமீற்றரிலும் மதகுகளைப் பூட்டிவிடுகிறார்கள். உடனே சிம்கோ ஏரிக்கரையில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஞானம் வரும், ஒரே இறங்குதுறையில் வரிசை நிற்கும். முறைக்காக நின்று ஏற்றினாலும் அப்படியே வீட்டுக்கு ஓட முடியாது. 1988இல் சென் கிளெயர் ஏரியில் ஸீப்ரா சிப்பி என்ற ஒரு பொல்லாததைக் கண்டுபிடித்தார்கள். விரல் நகம் அளவுதான். அது பேரேரிகள் எங்கும் பரவி, தண்ணீர்க் குழாய்களையே அடைத்துவிட்டது. அதனால் 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஒன்ராரியோவில் சட்டம்: அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்து, களை பிடுங்கி, அதற்குப் பிறகுதான் வள்ளம் தெருவில் ஏறலாம். நல்ல சட்டம்தான். களை பிடுங்குவது யார் என்று மட்டும் சட்டத்தில் இல்லை. மச்சான் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் இருப்பான்.

வள்ளம் 16 அடி என்றாலும் ட்ரெய்லரின் மூக்கும் பின்னால் தொங்கும் இஞ்சினும் சேர்ந்தால் 20ஐத் தொடும். கராஜும் 20 அடி. மூலைவாட்டில் செருகினால்தான் கதவு இறங்கும். உள்ளே வைப்பது என்றவுடன் சூட்டில் வைப்பது என்று நினைக்க வேண்டாம். எங்கள் கராஜில் சூடாக்கி இல்லை. வெளியே என்ன குளிரோ உள்ளேயும் ஏறக்குறைய அதே குளிர், காற்று மட்டும் இல்லை.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். இஞ்சின் பருக்காது. பிரச்சினை அவ்வளவுதான். வெளி இஞ்சினை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். ஆனால் மச்சான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் வள்ளத்துக்குள்ளே இஞ்சின் வைத்த பணக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். ஆகவே அந்த இளஞ்சிவப்பு உறையெதிர்ப்புத் தண்ணியை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தான். “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அத்தான், எல்லாம் வீடியோவில இருக்கு.” அது மூன்று வருடமாகக் கராஜில் கிடக்கிறது. அதற்கும் குளிரவில்லை.

எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தைக் குடித்து, மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். அதற்கு ஒரு மருந்து ஊற்றி, இஞ்சினின் காதில் தண்ணீர்க்குழாயை மாட்டி, மருந்து உள்ளே போகும்வரை ஓடவிட வேண்டும். நிறுத்தப்போகும் நேரம் வாயில் ஒரு எண்ணெய் அடிக்க வேண்டும், உள்ளே துரு பிடியாமல் இருக்க. அடித்தால் வெள்ளைப் புகை தெருவை மூடும். முன்வீட்டுக் கிழவி வாசலில் வந்து நின்று, புகை அடங்கும்வரை என்னையே பார்த்தாள். மச்சானைப் பார்க்கவில்லை. அவன் உள்ளே வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இனி எலி. எலியை விட்டுவிட்டு இந்த விடயத்தைப் பேசுவதில் பிரயோசனமே இல்லை. சுண்டெலிக்கு ஆறேழு மில்லிமீற்றர் இடைவெளி போதும். பென்சில் போகிற ஓட்டைக்குள்ளால் குடும்பத்தோடு போகும். இருக்கைப் பஞ்சைக் கிழித்துக் கூடு கட்டும், சலிப்புத் தட்டினால் வயரைக் கடிக்கும். மருந்து என்ன என்று ஒரு கலியாண வீட்டில் வாய்தவறிக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மேசை கட்சி கட்சியாகப் பிரிந்தது.

முதலாவது பூச்சி உருண்டைக் கட்சி. தலைவர் ஓய்வுபெற்ற மாமா, கூறைச்சேலை அலுமாரியில் நாற்பது வருட அனுபவம். அவர் சொல்லைக் கேட்ட வருடம் ஜூலைவரை வள்ளம் மணத்தது. மீன் பிடிக்கப் போனோமா, அலுமாரிக்குள் போனோமா தெரியவில்லை. இரண்டாவது, துணி உலர்த்தும் மெசினில் போடுகிற மணத்தாள் கட்சி. பெட்டி பெட்டியாக விரித்தோம். வசந்தத்தில் திறந்தால் எலி அந்தத் தாளையே கிழித்துப் பஞ்சோடு கலந்து மெத்தை போட்டிருந்தது. அதன் குட்டிகள் லவெண்டர் வாசத்தில் பிறந்திருக்கின்றன. என் பிள்ளைகளுக்குக்கூட அது வாய்க்கவில்லை. மூன்றாவது புதினா எண்ணெய்க் கட்சி, மனிசியின் யோகா சிநேகிதிகள். வாரத்துக்கு ஒருமுறை பூச வேண்டுமாம். யார் பூசுவது என்று அவர்கள் சொல்லவில்லை, மனிசி சொன்னாள். நான்காவது பெரியம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸப்பில்: “செத்தல் மிளகாயை இடிச்சுத் தூவு தம்பி.” தூவினேன். எலிக்கு அதைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை. எனக்கு இரண்டு நாள் தும்மல். பூனை வளர்க்கச் சொன்னவரோடு நான் இப்போது கதைப்பதில்லை.

இரும்புப் பஞ்சுக் கட்சிதான் உருப்படியானது. எல்லா ஓட்டையையும் அதால் அடைப்பது. ஆனால் எங்கெங்கே அடைத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மே மாதம் இஞ்சின் மூச்சு விடாது. எழுதி வள்ளத்துக்குள்ளேயே வைத்தோம். அந்தத் தாளை எலி தின்றது.

இந்த வருடம் இருக்கைகளையே கழற்றிப் பேஸ்மென்டில் கொண்டுவந்து வைத்தேன். பற்றரியும் அங்கேதான், முழுச் சார்ஜில் இருந்தால் அது உறையாது. சாமியறைக்குப் பக்கத்தில்தான், வேறு இடம் இல்லை. “இஞ்சேருங்கோ, பிள்ளையாருக்கு முன்னால மீன் மணக்குது” என்கிறாள் மனிசி. வெள்ளிக்கிழமைகளில் குரல் கொஞ்சம் கூடும். கராஜில் மிச்சமாயிருந்த வள்ளத்துக்கு மூன்று போர்வை, முப்பது முடிச்சு. முடிச்செல்லாம் நான் போட்டவை.

நேற்று இரவு மச்சான் எடுத்தான். ஜனவரிக் கடைசியில் சிம்கோ நன்றாக இறுகிவிடுமாம், பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போவோமாம், குடில் வாடகைக்கு இருக்கிறதாம்.

“வள்ளம்?” என்றேன்.

“அதேன் அத்தான்? ஏரிக்கு மேலால நடந்தே போகலாம். வரேக்க அந்த மீன் காட்டுற மெசினை மட்டும் வள்ளத்திலயிருந்து கழட்டிக்கொண்டு வாங்கோ.”

அந்த மெசின் மூன்று போர்வைக்கும் அடியில், சுவர்ப் பக்கமாக இருக்கிறது. கை எட்ட வேண்டுமானால் வள்ளத்தை முழுதாக வெளியே இழுக்க வேண்டும்.