நூறு சதவீதத்துக்கு ஒரு வாழ்த்துரை

தாளாளர் ஐயா! பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். ஆசிரியர்களைப் பாராட்டினீர்கள், பெற்றோரைப் பாராட்டினீர்கள். உங்கள் உழைப்பைத்தான் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சட்ட அறிவு. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவு. ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்த 2019 திருத்தம்கூட நீக்குவதற்கு இடம் தரவில்லை. நீங்களும் யாரையும் நீக்கியதே இல்லை. சேட்டைக்காரப் பையனின் அம்மாவை வரவழைப்பீர்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுப்பீர்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." எழுதத் தடுமாறும் தாய்க்கு வாசகத்தையும் நீங்களே சொல்லிக்கொடுப்பீர்கள். கையெழுத்து மட்டும் அவருடையது. எந்த நடத்தைக்காக அவனை அனுப்புகிறீர்களோ, அதே நடத்தைக்கு எதிரே டி.சி.யில் 'நன்று' என்று எழுதித் தரும் பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்?

காலம் பார்த்துச் செய்வதிலும் உங்களுக்கு நிகரில்லை. சட்டத்தின் காவல் எட்டோடு முடிகிறது. பொதுத்தேர்வு பத்தில் வருகிறது. நடுவில் கிடக்கும் ஒன்பதாம் வகுப்பின் அருமை உங்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

உடல் தண்டனையும் மன வதையும் கூடாது என்கிறது 17ஆம் பிரிவு. உங்கள் பள்ளியில் பிரம்பே கிடையாது. வகுப்பு வாசலில் நாள் முழுக்க நிற்கவைக்கிறீர்கள். கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைக்கிறீர்கள். "இவனோடு யாரும் சேராதீர்கள்" என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்கிறீர்கள். உடம்பில் ஒரு தழும்பு இல்லை. எவ்வளவு சுத்தமான வேலை!

உங்கள் நோயறியும் திறனைக் கண்டு மருத்துவர்கள் வெட்கப்பட வேண்டும். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைஇயக்கக் குறைபாடு) என்று சொல்வதற்கு அவர்கள் ஆறு மாதமாவது நீடித்த அறிகுறிகளைத் தேடுகிறார்கள். வீட்டிலும் விசாரிக்கிறார்கள், பள்ளியிலும் விசாரிக்கிறார்கள். காது கேட்கிறதா, கரும்பலகை தெரிகிறதா, இரவில் தூங்குகிறானா என்றெல்லாம் பார்க்கிறார்கள். உங்களுக்கு ஒரு பார்வை போதும்: "திமிர். வளர்ப்பு சரியில்லை." ஆலோசகர் என்று பலகை மாட்டிய அறையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கும் சிக்கனமும் அந்தத் திறமை தந்ததுதான்.

நீங்கள் அனுப்பிய பையனை அடுத்த தெரு அரசுப் பள்ளி சேர்த்துக்கொண்டது. அங்கே ஓர் ஆசிரியை நோட்டில் கோடு கிழித்து மூன்று பகுதியாகப் பிரித்தார்: சண்டைக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் என்ன நடந்தது. நாள்தோறும் எழுதிவந்ததில் ஒன்று துலங்கியது. வாய்விட்டு வாசிக்கச் சொல்லும் பாடவேளைகளில்தான் அவன் கலாட்டா செய்கிறான். வெளியே அனுப்பியதும் அடங்கிவிடுகிறான். வாசிக்கத் தெரியாததைத் தோழர்களிடமிருந்து மறைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஆசிரியை அவனை எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்வதை நிறுத்தினார். மாலையில் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொன்னார். நோட்டு விநியோகிக்கும் பொறுப்பைக் கொடுத்து, ஒழுங்காகச் செய்த அன்றெல்லாம் பெயர் சொல்லிப் பாராட்டினார். அடிதடி ஒரேயடியாக நிற்கவில்லை, குறைந்தது. உங்கள் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. அவர் பள்ளியின் தேர்ச்சி நூறு சதவீதமும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் என்று சொல்லத் தகுதியானது அதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்த வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை நீக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கட்டாயப்படுத்தினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தமிழகக் கல்வி உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098. வகுப்பில் நிலைகொள்ளாத பிள்ளைக்குத்தான் பள்ளி அதிகம் தேவை. அவனை வெளியே தள்ளிக் கிடைத்த நூறு, தேர்ச்சி அல்ல.