ரூட்டு கேட்ட பேரனுக்கு

டூர் போகணுமாக்கும். தாராளமாப் போங்கடே. மொதல்ல போனுக்குள்ள ஒரு குரூப்ப ஆரம்பிங்க. அதுக்குப் பேரு வைக்க ரெண்டு நாளு சண்ட போடுங்க. பன்னெண்டு பேரு கட்டவெரலத் தூக்கிக் காட்டுவான். கெளம்புத அன்னைக்கு நாலு பேருதான் தேறுவான். மத்தவன் மாமனாருக்கெல்லாம் வெள்ளிக்கெழம சாயங்காலம் நெஞ்சு வலிச்சிரும். அது என்ன சீக்கோ, திங்கக்கெழம காலையில கொணமாயிருது.

கெளம்புதத பத்து மணிக்கு மேல வச்சுக்கோ. கருக்கல்ல வண்டிய எடுத்தா வெயிலுக்கு முன்னாடி பாதித் தொலவு கழிஞ்சிரும்னு லாரிக்காரன் சொல்லுவான். அவன் பேச்சக் கேக்காத, அவன் படிக்காதவன். நீ நல்லாத் தூங்கி எந்திரிச்சு, தலைக்கு ஏதோ பசையத் தேச்சு, வாசல்ல நின்னு படம் புடிச்சு, உச்சி வெயிலு நேரா கண்ணாடியில அடிக்கையில வண்டிய எடு. ஏசி இருக்குல்ல.

எடுத்த எடுப்புல நாலுவழிச் சாலையில ஏறிரு. அம்புட்டுதான், அதுக்குப் பொறவு ஒரு ஊரும் ஒன்னயத் தொந்தரவு பண்ணாது. ஊருன்னா என்ன, பச்சப் போர்டுல வெள்ள எழுத்து, பக்கத்துல ஒரு அம்புக்குறி. தாம்பரம் தாண்டுனதுலருந்து மதுர வரைக்கும் எங்க பாத்தாலும் 'கும்பகோணம் டிகிரி காபி'ன்னு பலக. பித்தள டபராவுல ஊத்தித் தருவான், குடி. கும்பகோணம் எந்தத் தெசையில இருக்குன்னு மட்டும் கேட்டுராத, மாஸ்டர் சங்கடப்படுவாரு.

நான் அந்த ரோட்டக் கொற சொல்லலடே. தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு ஒத்த ரோட்டுல எதுத்தாப்புல வார வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனவன் நான். அன்னைக்கு இப்படி ஒரு ரோடு கெடைச்சிருந்தா விழுந்து கும்பிட்டிருப்பேன். லோடுக்காரனுக்கும் ஆம்புலன்சுக்கும் அத வச்சுக்கலாம். ஒனக்கு என்ன அவசரம்? எந்தச் சரக்க எங்க எறக்கப் போற?

போன தடவ கன்னியாகுமரி போனீகளே, வழியில கயத்தாறு பாத்தியாலேன்னு கேட்டேன். "பைபாஸ்ல போயிட்டோம் தாத்தா"ன்ன. கட்டபொம்மனத் தூக்குல போட்ட எடம்லே அது. 1799 அக்டோபர் 16. நடிகர் சிவாஜி கணேசன் தன் காசப் போட்டு அந்த எடத்த வாங்கி 1970-ல சிலை வச்சாரு. வெள்ளைக்காரனுக்குக் கிஸ்தி கட்ட மாட்டேன்னு நின்ன மனுசன். அவரு செத்த ஊருக்குப் பக்கத்துலயே டோல்கேட்டு. நீ அங்கன வரிசையில நின்னு, அந்த ஸ்டிக்கர் வேலை செய்யாம, வண்டியப் பின்னால எடுத்து, ரெண்டு மடங்கு கட்டிட்டு வந்திருக்க. அவருக்கு ஒரு நிமிசம் நிக்க நேரம் இல்ல. அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு.

சரி, மூஞ்சியத் தூக்காத. நெசமாவே ரூட்டு சொல்லுதேன். போனத் தூக்கி டேஷ்போர்டுக்குள்ள போடு. அதுக்குள்ள ஒரு பிள்ள "யூ டர்ன் எடுங்க"ன்னு கத்திக்கிட்டே கெடக்கட்டும்.

கோயில்பட்டியில ஆரம்பி. கடல மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு குடுத்தாக, 2020-ல. பாக்கெட்ட வாங்கிட்டு ஓடாத. போடுற எடத்துக்குப் போயி, நின்னு பாக்கலாமான்னு கேளு. பாகு கொதிக்கையில ரெண்டு சொட்டத் தண்ணியில விட்டு எடுத்துத் தட்டுவாரு. 'டங்'குன்னு கேக்கணும். கேட்டாத்தான் கடல உள்ள விழும். அப்புறம் பலகையில கொட்டி, உருளைய வச்சுத் தேச்சு, சூடு ஆறுததுக்கு முந்திக் கோடு போட்டுருவாரு. எம்புட்டு வேகம்டே! உன் போன் கேமராவத் தெறக்கதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்.

அங்கருந்து மேக்க, சங்கரன்கோயில் ரோட்டப் புடி. வழியில கழுகுமல. கீழ முருகன் கோயில் இருக்கு, அவரக் கும்பிட்டுக்கோ. மேல பாறையில ஏறுனா வெட்டுவான் கோயில். பாண்டியர் காலத்து வேலை, எட்டாம் நூற்றாண்டு. கல்லக் கொண்டாந்து அடுக்கிக் கட்டுனது இல்லடே. மலையச் சுத்திக் கொடைஞ்சு, நடுவுல நின்ன ஒத்தப் பாறைய மேலருந்து கீழ செதுக்கி எறங்கியிருக்கான். விமானம் முடிஞ்சிருக்கு, கீழ்ப்பகுதி முடியல. தட்சிணாமூர்த்தி மத்த ஊருல மரத்தடியில சும்மா உக்காந்திருப்பாரு, இங்கன மிருதங்கம் வாசிக்காரு. அந்த வெரலப் பாரு. சுத்தி இருக்குத பூதங்கள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோட்டி பிடிச்சாப்புல சிரிக்கும். கொஞ்சம் தள்ளிப் போனா சமண தீர்த்தங்கரர்கள் பாறை பூரா வரிசையா, கீழ வட்டெழுத்து. மத்தியானம் ஏறுனா காலு பொரிஞ்சிரும். அதுக்குத்தான் லாரிக்காரன் கருக்கல்ல கெளம்பச் சொன்னான்.

ஏன் முடியலன்னு இங்க ஒரு கத சொல்லுவாக. கீழ அப்பன் வேலை பாத்தானாம், மேல மகன் வேலை பாத்தானாம். மகன் உளிச் சத்தம் நல்லாக் கேக்குன்னு ஊரு பேசுச்சு; அப்பனுக்குப் பொறுக்கல, அடிச்சுக் கொன்னுட்டான். கத நெசமோ பொய்யோ, அதக் கேட்ட பொறவுதான் உங்கப்பனுக்கு ஸ்டியரிங்கக் குடுக்கவே கூடாதுன்னு நான் முடிவு பண்ணுனேன். பாரு, ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்.

சங்கரன்கோயில்ல பாதி சிவன், பாதி பெருமாள், ஒரே மேனியில சங்கரநாராயணர். ஆடித் தபசு அன்னைக்குப் போகாத, கால் வைக்க எடம் இருக்காது. புத்துமண்ணுதான் அங்க பிரசாதம். வாங்கி நெத்தியில பூசிக்கோ. அப்புறம் புளியங்குடிப் பக்கம் திருப்பு. மேற்குமல எந்திரிச்சு முன்னால வந்து நிக்கும். எலுமிச்ச மார்க்கெட்டு வாசத்துல ஒன் வண்டிக்குள்ள தொங்குத அந்த செண்டு அட்டையத் தூக்கி எறிஞ்சிருவ.

குத்தாலத்துக்கு எப்பப் போவீக? சித்திரையில லீவு கெடைக்குதா? போங்க, பாறையப் பாத்துட்டு வாங்க. மேல தண்ணி வந்த தடம் இருக்கும், அதையும் படம் புடிங்க. தண்ணி வேணும்னா ஆனி, ஆடியில வரணும். மேகாத்து கணவாய் வழியா சாரலத் தள்ளிக்கிட்டு வரும். அப்பத் தென்காசிக் கோபுர வாசல்ல நின்னுபாரு, வேட்டிய ரெண்டு கையாலயும் பிடிக்கணும். நீ டவுசர் போட்டுருக்க, தப்பிச்ச. அருவியில சோப்பு, ஷாம்பு, எண்ண எதுவும் கூடாது, தட போட்டுருக்கு. தலையில தேச்ச பசைய வீட்டுலயே கழுவிட்டு வா. போலீஸ்காரரு வெளிய வான்னு விசிலடிச்சா, "ஒரே ஒரு செல்ஃபி"ன்னு நிக்காத. வெள்ளம் யாருக்கும் போஸு குடுக்காது.

மலைக்கும் போகணும்ங்கியா. வால்பாறைக்கு நாப்பது கொண்ட ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுவது. ஏறுதது யாருக்கும் வரும். எறங்கையிலதான் சாமர்த்தியம் தெரியும். எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சக்கரத்துலருந்து கருகுன வாட வரும், அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. ஏறுத வண்டிக்கு நீதான் வழிய விடணும். நியூட்ரல்ல போட்டு எண்ணெய மிச்சம் புடிக்கேன்னு சொல்லுதவன் எவனாவது கூட இருந்தா, அவன முன்கூட்டியே பஸ்சுல ஏத்தி அனுப்பிரு.

கடைசியா செங்கோட்டப் பக்கம், பிரானூர் பார்டர். அந்தக் காலத்துல அந்தப் பக்கம் திருவாங்கூரு. 1956 நவம்பர் 1-ல செங்கோட்ட நம்ம பக்கம் சேந்துச்சு, எல்ல மேக்க நகந்து போயிருச்சு. பரோட்டாக் கட மட்டும் இன்னமும் பார்டர்லதான் இருக்கு. வாழ எலையில பரோட்டாவப் பிச்சுப் போட்டு, மேல சால்னாவ ஊத்தி, பக்கத்துல நாட்டுக்கோழி. டயட்டுல இருக்கேன்னு சொல்லுதவன ரெண்டு பர்லாங்கு முன்னாடியே எறக்கி விட்டுரு, வாசத்துல அவனே நடந்து வந்து சேருவான்.

திரும்பையில எனக்கு மூணு பரோட்டா பார்சல், சால்னா தனியா. பொட்டலத்த முன்வாசல் வழியாக் கொண்டாராத, தொழுவத்துப் பக்கம் வா. சுகரு கூடுதுன்னு உங்க ஆச்சி காவலுக்கு உக்காந்திருப்பா. பாத்துட்டான்னா சங்கரன்கோயில் புத்துமண்ணுன்னு சொல்லு.