திவாலானவருக்கு மெத்தை, பணம் கட்டியவருக்குத் தர்ப்பை

திருப்புல்லாணிக்காரர் ஒருவர் ராமநாதபுரம் ரோட்டில் டீக்கடை பிரான்சைஸ் எடுக்கிறார் என்று வையுங்கள். சென்னைக் கம்பெனியின் பெயர், அவர்கள் போர்டு, அவர்கள் டீத்தூள். ஐந்து வருடக் கட்டணம் முன்கூட்டியே கட்டியாயிற்று. மனைவி நகை வங்கியில். கடை ஓடுகிறது. கம்பெனிதான் படுத்துவிட்டது.

இனி அந்தப் பெயரை இவர் வைத்துக்கொள்ளலாமா? 2016இல் திவால் சட்டம் வந்தது. 2018, 2019, 2020, 2021 என்று வருடம் தவறாமல் திருத்தினார்கள். திவாலான கம்பெனிக்கு அரசு கொடுத்த லைசென்ஸைத் திவாலைக் காட்டிப் பறிக்கக் கூடாது என்று 2020இல் விளக்கமே சேர்த்தார்கள். என்ன கரிசனம்! அந்தக் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கிய அப்பாவிக்கு ஒரு வரி கிடையாது.

இதே ஊரில்தான் ராமன் மூன்று நாள் தர்ப்பையில் கிடந்து கடலிடம் வழி கேட்டான். பலிக்கவில்லை. வில்லை எடுத்தான், கடலரசன் ஓடி வந்தான். நம்மவரால் வில்லை எடுக்க முடியாது. வழக்குப் போடவே திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவு தடை. கிடக்க வேண்டியதுதான். திவால் நடவடிக்கை முடியக் கெடு 330 நாள். அதை யார் மதித்தார்கள்? ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைத் தீர்ப்பாயம். கடன் கொடுத்தோர் குழுவில் வங்கிகள் உட்காரும், இவருக்கு ஓட்டில்லை. கம்பெனியைக் கலைத்தால், 'லாபமற்ற ஒப்பந்தம்' என்று இதை உதறிவிடக் கலைப்பாளர் அனுமதி கேட்கலாம். பணத்தை எண்ணி வாங்கிய அன்று லாபமாகத்தானே இருந்தது?

அமெரிக்காவிலும் 1985இல் லூப்ரிசால் வழக்கில் இதே அநியாயம் நடந்தது. மூன்றே வருடத்தில் சட்டத்தை மாற்றினார்கள். டிரேட்மார்க் அதில் விட்டுப்போயிருந்தது. திவாலானவர் ஒப்பந்தத்தை உதறினாலும் வாங்கியவர் உரிமை போகாது என்று 2019இல் டெம்ப்நாலஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் சரிசெய்தது. நாம் பிரான்சைஸ் வியாபாரத்தை மட்டும் இறக்குமதி செய்தோம். பாதுகாப்பைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

இங்கே திவாலான வீடியோகான் குழுமத்தின் மேல் ஏற்கப்பட்ட கடன் கோரிக்கைகள் சுமார் 64,838 கோடி. சுமார் 2,962 கோடி போதும் என்று கடன் கொடுத்தவர்களே தலையாட்டினார்கள். மும்பைத் தீர்ப்பாயமும் 2021 ஜூனில் சம்மதித்தது. மேல்முறையீட்டில்தான் அது நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தள்ளிவிட வங்கிகளுக்கு மனசு வந்தது. டீக்கடைக்காரர் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பார்க்கட்டும். நகை ஏல விளம்பரத்தில் அவர் பெயர் வரும், இனிஷியலோடு.