மதினிக்குப் பஞ்சப்படி

வாரும் மாப்ளே, திண்ணையில உக்காரும். மெட்ராஸ்லருந்து வந்து இறங்குன மறுநாளே ஊருக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சிட்டீராமே! "மாசாமாசம் காசு கொடுத்தே சனத்தைச் சோம்பேறி ஆக்கிட்டாக"ன்னு டீக்கடையில நீரு ஒரு பிரசங்கம் பண்ணுனதா கேள்விப்பட்டேன். நல்லா இருந்துச்சாம். ஓசிப் பேப்பர் படிக்க வந்த நாலு பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாகளாம்.

நானும் உம்ம கட்சிதான். நம்ம கீழவீட்டு மதினி மாசம் 1,200 ரூபா முதியோர் பணம் வாங்குதால்ல, அதைக் கூட்டிக் கொடுத்தா அவ என்னென்ன அக்கிரமம் பண்ணுவான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. முதல் காரியமா கடுங்காப்பிய விட்டுட்டுப் பால் ஊத்திக் குடிக்க ஆரம்பிச்சிருவா. வாரத்துக்கு ரெண்டு முட்டை வாங்கிருவா. ஒரு காலு ஒடிஞ்சு நூல் கட்டிப் போட்டிருக்காளே மூக்குக் கண்ணாடி, அதைத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசு மாட்டிக்கிடுவா. இதெல்லாம் நாடு தாங்குமா? நீரே சொல்லும்.

பணம் வாற அன்னைக்கு நீரு ஒரு தடவை சாவடிப் பக்கம் வந்து நிக்கணும். பேங்குக்காரப் பையன் சின்ன மிஷினைத் தூக்கிக்கிட்டு வருவான். வெரலை வைக்கணும், ரேகை ஒத்துப்போகணும், அப்பத்தான் காசு. மதினி வெரல்ல ரேகை எங்க இருக்கு? சின்னப் பிள்ளையிலருந்து தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டுன கை. பசையிலயும் மருந்துலயும் கிடந்து வழவழன்னு தேஞ்சு போச்சு. கட்டை வெரல வைப்பா, மிஷினு மாட்டேங்கும். முந்தியில தொடச்சிட்டு ஆள்காட்டி வெரல வைப்பா. பெறவு இடது கை. பையன் "ஆச்சி, அழுத்தி வையிங்க"ம்பான். கடைசியில எந்த வெரலாவது ஒத்து, காசு கைக்கு வந்தா, நேரா மளிகைக் கடை. போன மாசத்துக் கடனை நோட்டுல அடிச்சிட்டு மிச்சத்தை முந்தியில முடிஞ்சுக்கிடுவா. அந்த முடிச்சுலருந்துதான் அடுத்த மாசம் வரைக்கும் அவளோட சோம்பேறித்தனம் நடக்கணும்.

அரிசி ரேஷன்ல சும்மா வருதேம்பீரு. வருது, 2011-லருந்து வருது, நல்ல காரியம்தான். வெறுஞ்சோத்தை எத்தனை நாளைக்கு மாப்ளே முழுங்குவா? புளியும் மிளகாயும் எண்ணெயும் கடைக்காரன் சும்மா தரமாட்டேங்கானே. கேஸ் சிலிண்டரு எண்ணூறைத் தாண்டுனதும் அவ விறகடுப்புக்கே திரும்பிட்டா. காட்டுல முள்ளு பொறுக்கப் போறாளே, அது உம்ம கணக்குல சோம்பேறி வேலையா, சுறுசுறுப்பு வேலையா?

சரி, கணக்குக்கு வாரேன். கணக்குன்னா உமக்குப் பிடிக்குமே. இந்த முதியோர் பணம் நம்ம தமிழ்நாட்டுல 1962-ல தொடங்குச்சு, மாசம் 20 ரூபா. ஏறி ஏறி 2011-ல 1,000 ஆச்சு. அங்க உக்காந்ததுதான். 1,200-க்கு எந்திரிக்க 2023 வரைக்கும் ஆச்சு. பன்னிரண்டு வருஷத்துல இருபது சதவீதம். டெல்லி கதை அதைவிடச் சிறப்பு. 1995-ல 75 ரூபான்னு ஆரம்பிச்சாக. 2007-ல இந்திரா காந்தி பேரை வச்சாக, அப்ப 200 ரூபா. அறுபதுலருந்து எழுபத்தொம்பது வயசுக்காரங்களுக்கு டெல்லிப் பங்கு இன்னைக்கும் அதே 200 ரூபாதான். பார்லிமெண்டுக் கமிட்டியே பல தடவை கூட்டச் சொல்லி எழுதிப் பாத்துட்டாக. அஞ்சு வயசுல தைச்ச டவுசரை இருபத்தஞ்சு வயசுலயும் மாட்டிக்கிட்டு நில்லுன்னு சொல்லுத மாதிரி இருக்கு.

இப்ப உம்ம டவுசரைப் பாப்போம். கோவிச்சுக்கிடாதேயும், நீரு கவர்மெண்டு உத்தியோகம். ஜனவரியில ஒரு பஞ்சப்படி, ஜூலையில ஒண்ணு. 2016-ல சம்பளக் கமிஷன் வந்து புதுச் சம்பளம் போட்டாகள்ல, 2024 ஜனவரிக்கெல்லாம் அதுக்கு மேல அம்பது சதவீதம் பஞ்சப்படி ஏறிருச்சு. எட்டு வருஷத்துல அம்பது! விலைவாசி ஏறுது, சம்பளமும் ஏறணும், நியாயம்தான். நான் குறை சொல்லல. ஆனா யாராவது உம்மகிட்ட வந்து, "பஞ்சப்படி கூடிட்டா நீரு ஆபீசுக்கு வரமாட்டீரு, திண்ணையில படுத்துருவீரு"ன்னு சொன்னாகளா? உமக்கும் மதினிக்கும் ஒரே கடையிலதானே பருப்பு விக்கான்?

உம்மளை மட்டும் சொல்லுவானேன். 2018-ல எம்.பி.மாருக்கு ஒரு சட்டம் போட்டாக. அவுக சம்பளம் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பணவீக்கக் குறியீட்டோட சேர்ந்து தன்னால ஏறணும். அதன்படி ஒரு லட்சம் 1,24,000 ஆச்சு. அறிவிச்சது 2025 மார்ச்சுல, கணக்கு 2023 ஏப்ரல்லருந்து. பாக்கியையும் சேத்து வாங்கிக்கிட்டாக. அப்ப விலைவாசியோட தொகையைக் கட்டி வைக்கிற வித்தை டெல்லிக்குத் தெரியாததில்ல மாப்ளே. நல்லாத் தெரியும். மதினி பக்கம் திரும்புனா மட்டும் கைமறதி வந்துருது.

சோம்பேறி விசயத்துக்கு வாரேன். நோபல் பரிசு வாங்குனாரே அபிஜித் பானர்ஜி, அவரும் கூட்டாளிகளும் ஆறு நாட்டுல நடந்த ஏழு பண உதவித் திட்டத்தை எடுத்து அலசிப் பாத்தாக. காசு வாங்குனதால சனம் வேலைக்குப் போறதைக் குறைச்சதுக்குத் தடயம் இல்லன்னு எழுதிட்டாக. பாவம், நம்ம டீக்கடைக்கு வந்திருந்தா சரியான முடிவு கிடைச்சிருக்கும். குடிக்குப் போகாதான்னு கேப்பீரு. போற வீட்டுல போகும், இல்லங்கல. அதுக்குத்தான் பொம்பளை கணக்குல காசைப் போடணுங்கது.

துட்டுக்கு எங்க போகன்னும் கேட்டீராமே. நல்ல கேள்வி. 2019 செப்டம்பர்ல கம்பெனிகளுக்கு வரியைக் குறைச்சாக. வருஷத்துக்கு 1,45,000 கோடி வரவு குறையும்னு கவர்மெண்டே சொல்லுச்சு. முதலாளிமாரு சோம்பேறி ஆயிருவாகளேன்னு எந்த டீக்கடையிலயும் ஒரு கவலை இல்ல. ஏழைக் கிழடுக, விதவைக, மாற்றுத்திறனாளிக எல்லாருக்கும் சேத்து டெல்லி 2025-26 பட்ஜெட்டுல ஒதுக்குனது 9,652 கோடி. அதை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் அந்த வரிக்கணக்குப் பக்கத்துல வச்சுப் பாக்க பூதக்கண்ணாடி வேணும்.

நம்ம மெட்ராஸ் கவர்மெண்டையும் நான் விடல. 2023 செப்டம்பர் 15-ல காஞ்சிபுரத்துல மகளிர் உரிமைத் தொகைன்னு மாசம் 1,000 ரூபா ஆரம்பிச்சாக. ஒரு கோடிக்கு மேல பொம்பளைக வாங்குதாக. நல்ல திட்டம், என் மருமவளும் வாங்குதா, அந்தக் காசு வந்த பெறகுதான் எம்மவன் அவகிட்டக் கொஞ்சம் தணிஞ்சு பேசுதான். ஆனா அந்த ஆயிரம் எப்ப எவ்வளவு கூடும்னு எந்தச் சட்டமும் சொல்லல. உரிமைன்னு பேரு வச்சவுக, கூட்டுறதை மட்டும் மேடைக்கு மேடை வாக்குறுதியாத் தொங்க விடுதாக. விலை மாசாமாசம் ஏறும், தொகை எலெக்சனுக்கு எலெக்சன் ஏறும். யாரு ஆண்டாலும் இந்தப் பழக்கம் மாறல. எனக்குப் பிடிக்காத சங்கதி இதுதான். தொகை சின்னதுங்கதைவிட, அது ஏறணும்னா ஒரு தலைவர் மனசு இரங்கணுங்கதுதான் கேவலமா இருக்கு. உம்ம பஞ்சப்படிக்கு யாரு காலுல போய் நீரு விழுதீரு?

அதனால ஒண்ணு செய்யும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கு. இந்தத் தடவை நீரு லீவு போட்டுட்டு வந்துரும். உமக்கு ஆபீஸ் எழுத்து நல்லா வரும், ஒரு தீர்மானம் எழுதும். "முதியோர் பணமும் மகளிர் தொகையும் வாழத் தக்க அளவுக்கு உயர வேண்டும், அதன்பின் அரசு ஊழியர் அகவிலைப்படி போல வருஷம் ரெண்டு தடவை விலைவாசியோடு ஏற வேண்டும், டெல்லிப் பங்கும் அப்படியே ஏற வேண்டும்." அவ்வளவு போதும். அதுல பணிவன்புடன், தாழ்மையுடன்னெல்லாம் போட்டுக் கெடுத்துராதேயும். வாக்காளர் பட்டியல்ல உம்ம பேரு இன்னும் இந்த ஊருலதானே இருக்கு? அப்ப முதல் கையெழுத்தை நீரே போடும்.