வீழ்ந்த எழுத்தின் நடுகல்: அப்பாஸ்ட்ரபி குறித்து ஒரு சிற்றாய்வு

ஆங்கில எழுத்துகளின் தோளுயரத்தில், வரியில் கால் பாவாமல் தொங்கும் காற்புள்ளி வடிவக் குறி அப்பாஸ்ட்ரபி எனப்படும். ‘அப்பால் திரும்புதல்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லில் பிறந்த இப்பெயர், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. நன்னூலார் கெடுதல் விகாரம் என்று வகுத்தது, அதாவது சொற்கள் புணரும்போது எழுத்து மறைவது, எம்மொழிக்கும் உரிய இயல்பே எனினும், ‘மரம்’ ‘வேர்’ இரண்டும் ‘மரவேர்’ ஆகும்போது மகரமெய் போன தடமே தெரியாதபடி தமிழ் அதை அனுப்பிவைக்கிறது. ஆங்கிலமோ வீழ்ந்த எழுத்துக்கு நடுகல் நாட்டும் மொழி. ‘டூ நாட்’ சுருங்கி ‘டோன்ட்’ ஆனதும், ‘ஓ’ மாண்ட இடத்தில் என்னுக்கும் டிக்கும் நடுவே அக்கல் நிற்கிறது.

உடைமை காட்டும் எஸ்ஸுக்கு முன் வரும் குறியும் இவ்வினத்ததே. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்கள் ஏற்ற ‘இ-எஸ்’ என்னும் ஆறாம் வேற்றுமை விகுதியின் உயிரெழுத்து காலப்போக்கில் உதிர்ந்தது. இதை அறியாத சிலர் அது ‘ஹிஸ்’ என்பதன் சுருக்கம் எனக் கருதி, ‘அரசன் அவனுடைய குதிரை’ என்ற பாங்கில் விரித்தெழுதவும் செய்தனர். பெண்ணின் உடைமைக்கு ‘அவனுடைய’ எப்படிப் பொருந்தும் என்ற எளிய தடையை எழுப்பியவர், 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன். பெயருக்குப் பதிலாக வரும் ‘ஹெர்ஸ்’, ‘இட்ஸ்’ முதலியவற்றின் உடைமைக்கு இக்குறி இல்லை; ‘இட்ஸ்’ குறியோடு வந்தால் அது ‘இட் இஸ்’ஸின் சுருக்கம் என்பதைப் பட்டதாரிகளும் மறப்பர்.

வழுக்களில் புகழ்பெற்றது ‘காய்கறிக்காரர் அப்பாஸ்ட்ரபி’. இங்கிலாந்துக் கடைப்பலகைகளில் சாக்கட்டியால் ‘பொட்டேட்டோ’ என்றெழுதி, குறியிட்டு, எஸ் சேர்த்துப் பன்மையாக்குவது, சாவு விழாத வீட்டில் கருமாதிப் பந்தல் போடுவதை ஒக்கும். எனினும் அச்சொல்லின் பன்மையில் எஸ்ஸுக்கு முன் ஓர் ‘இ’ உண்டாதலின், கடைக்காரர் அதைத் தாமே கொன்று தாமே கல்லும் நட்டார் என அவர் சார்பில் வாதிடலாம். ‘பனானா’வுக்கு அவ்வாதமும் செல்லாது.

இத்தகைய பலகைகள் பொறாமல், ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ஜான் ரிச்சர்ட்ஸ் 2001இல் லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரில் அப்பாஸ்ட்ரபி பாதுகாப்புச் சங்கம் கண்டார். அவ்வாண்டே நகைச்சுவைக்குரிய இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2019இல், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டதாக அறிவித்து, 96 வயதில் சங்கத்தைக் கலைத்தார்.

குறி காக்க வேண்டிய அரசு நிறுவனங்களே ஒரு நெறிப்படுவதில்லை. லண்டன் சுரங்க ரயிலின் பிக்காடிலி தடத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு நிலையங்களுள் ‘ஏர்ல்ஸ் கோர்ட்’ குறி பெற்றது, ‘பாரன்ஸ் கோர்ட்’ பெறாதது. பிரபுக்களின் வரிசையில் ஏர்ல் மேல், பாரன் கீழ் என்பதைக் கருத, குறி தகுதி நோக்கி வழங்கப்பட்டதோ என்பது மேலாய்வுக்குரியது.