வலையில் விழுந்ததெல்லாம் இறாலா?

கேள்வி: தாதியருக்கும் வைத்தியருக்கும் புள்ளிவிபரவியல் எதற்கு? ஊசி போடத் தெரிந்தால் போதாதா?
– வாசகி, கல்லடி

பதில்: ஊசி போடக் கை போதும், யாருக்குப் போடுவதென்று தீர்மானிக்கக் கணக்கு வேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்கே உள்ள நோய். நோயற்றவரில் நூற்றுக்கு ஐவருக்குத் தவறாக ‘உண்டு’ என்று காட்டும் பரிசோதனை. ‘உண்டு’ என வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 1978இல் வெளியான ஆய்வொன்றில் ஹார்வர்டின் வைத்தியர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதைக் கேட்டார்கள். பலர் சொன்ன விடை 95 சதவீதம்; சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். எண்ணிப் பாருங்கள்: ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர், வீணாக அகப்படுபவர் ஏறத்தாழ ஐம்பது பேர். ஆக, விடை 2 சதவீதம்தான்! வாவியில் வீசிய வலையில் விழுந்ததெல்லாம் இறாலாகிவிடுமா? மாரி மழையோடு மட்டக்களப்பில் டெங்கு பெருகும் நாட்களில் வரும் ‘உண்டு’க்கும், நோய் அருகிய கோடையில் வரும் ‘உண்டு’க்கும் எடை வேறு என்பதும் இதனால்தான்.

கணக்கு கசக்கும் என்பார்கள். சதவீதத்தில் சொன்னால் கசக்கத்தான் செய்யும். ஜெர்மனியில் ஆய்வாளர்கள் ஹொஃப்ராகேயும் கிகரென்சரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற கணக்குகளைச் சதவீதத்துக்குப் பதில் தலை எண்ணிக்கையாகச் சொன்னபோது, சரியான விடை பத்தில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய பாதிக்கு உயர்ந்தது. கணினி பார்த்துக்கொள்ளாதா? பெருக்கலைப் பார்த்துக்கொள்ளும், கட்டிலருகே கலங்கி நிற்கும் தாய்க்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் தாதிதான். கிழக்குப் பல்கலைக்கழகம் மட்டக்களப்பிலேயே மருத்துவமும் தாதியியலும் கற்பிக்கிறது. ஆசிரியர்களே, சூத்திரத்தைப் பிறகு எழுதுங்கள். முதலில் ஆயிரம் தலைகளை எண்ண வையுங்கள்.